மார்ச்சில் வாங்குவதா, ஜூனில் வாங்குவதா?

2019 மார்ச் மாதம் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் நான்கு ஃப்ரீ ஏஜென்ட் வீரர்களை, அதாவது பழைய ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக நின்றவர்களை, ஒரே மூச்சில் வாங்கியது. ஸடேரியஸ் ஸ்மித்துக்கு 4 ஆண்டுகளுக்கு 6.6 கோடி டாலர். பிரெஸ்டன் ஸ்மித்துக்கு 5.2 கோடி. கூடவே ஏட்ரியன் ஏமஸ், பில்லி டர்னர். வேறோர் அணி இதைச் செய்திருந்தால் அந்த வாரத்துச் செய்திகளில் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கும். பேக்கர்ஸ் செய்ததால்தான் ரசிகர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தார்கள்.

காரணம் டெட் தாம்சன். 2005 ஜனவரியில் பேக்கர்ஸின் பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து 2018 ஜனவரி வரை இருந்தவர். மார்ச்சில் சந்தை திறந்ததும் மற்ற அணிகள் முண்டியடிக்கும். இவர் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கஞ்சன் என்று திட்டியவர்களும் உண்டு, தீர்க்கதரிசி என்று புகழ்ந்தவர்களும் உண்டு. சிலர் சீசனுக்கு ஒரு முறை கட்சி மாறினார்கள். அவருக்கு அடுத்து வந்த பிரையன் குட்டகுன்ஸ்ட் அவரிடமே தொழில் பழகியவர். ஆனால் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டிலேயே பணப்பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரே அணி, ஒரே ஊர், ஒரே மைதானம், இரண்டு வழிகள். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

முதலில் சந்தையின் அமைப்பு. அமெரிக்கக் கால்பந்தின் தலைமை லீக்கான என்.எஃப்.எல்.-இல் நான்கு சீசன் முடித்து, ஒப்பந்தமும் முடிந்த வீரர் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகலாம். இந்தச் சுதந்திரம் முழுமையாக வந்தது 1993-இல். அடுத்த ஆண்டே அதற்கு மூக்கணாங்கயிறும் வந்தது: ஓர் அணி ஒரு சீசனில் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்ச வரம்பு. 1994-இல் அது 3.46 கோடி டாலர், 2024-இல் 25.54 கோடி. எல்லா அணிக்கும் ஒரே வரம்புதான். தேசிய அளவிலான தொலைக்காட்சி வருமானமும் 32 அணிகளுக்குச் சமமாகவே பிரிகிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிரீன் பே ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஊர். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், லாபப் பங்கு எதுவும் வாங்காமல், பெருமைக்காகப் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஏழை ஊர், அதனால் சிக்கனம் என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். அது சரியில்லை. தாம்சன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகவே அள்ளிக் கொடுத்தார். 2013 ஏப்ரலில் மட்டும் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஏரன் ராட்ஜர்ஸுக்கு 5 ஆண்டுகளுக்கு 11 கோடி, கிளே மேத்யூஸுக்கு 6.6 கோடி. போதாக்குறைக்கு, சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கையில் வரம்பில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று 2011-க்குப் பிந்தைய தொழிலாளர் ஒப்பந்தங்கள் கட்டாயமும் வைத்திருக்கின்றன. ஆக, யாரும் மொத்தத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. பணம் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதில்தான் அணிகளுக்கிடையே வித்தியாசம்.

முதல் வாசல்: மார்ச் இரண்டாம் வாரம்

சந்தை திறந்த முதல் சில நாட்களில் கிடைப்பவர்கள் 26, 27 வயதுக்காரர்கள், நல்ல பெயர் எடுத்தவர்கள். உடனே பலன். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே நேராக வைத்து அடைக்கலாம். இளம் வீரர் தேறுவானா என்று மூன்று ஆண்டுகள் நகம் கடித்துக் காத்திருக்க வேண்டாம்.

விலைதான் பிரச்சினை. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கும்: பத்து பேர் ஒரு பொருளுக்கு விலை சொல்லும்போது, அதை எல்லோரையும்விட அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவர் கையில்தான் அது வந்து சேரும். இங்கே இன்னொரு சந்தேகமும் கூடும். அந்த வீரரின் முழங்கால், பழக்கவழக்கம், பயிற்சிக்கு வரும் நேரம் எல்லாம் தெரிந்த ஒரே அணி அவரை ஏன் விட்டது? பல சமயம் பதில் வெறும் வரம்புக் கணக்குதான். எப்போதும் அப்படி இல்லை.

2009-இல் வாஷிங்டன் அணி ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்தை 7 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கூட்டிவந்தது. அதில் 4.1 கோடி உறுதியளிக்கப்பட்ட பணம். இரண்டாம் ஆண்டுப் பயிற்சி முகாமில் அவர் உடல்தகுதி ஓட்டத்திலேயே தேறவில்லை. இரண்டு சீசனோடு கதை முடிந்தது.

தவறான கொள்முதல் அந்த ஆண்டோடு போகாது என்பது இந்த விளையாட்டின் தனிச்சாபம். கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து வரம்பில் எழுதுவார்கள். 2 கோடி போனஸ், நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 50 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் வீரரை அனுப்பிவிட்டால், மீதி 1 கோடி ஆள் இல்லாமலேயே கணக்கில் வந்து உட்காரும். செத்த பணம் என்றே அங்கே அதற்குப் பெயர்.

இந்த வாசல் வழியாக வந்த வெற்றிகள் இல்லையா? உண்டு. 1993-இல் ரெஜி வைட் 4 ஆண்டு, 1.7 கோடிக்கு இதே பேக்கர்ஸுக்கு வந்தார். 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், எதிரணி குவாட்டர்பேக்கை மூன்று முறை தரையில் சாய்த்தார். 2006-இல் தோள் அறுவைச் சிகிச்சை முடிந்த குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸை மயாமி மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. நான்கு சீசனில் கோப்பை. கழுத்து அறுவைக்குப் பின் இண்டியானாபொலிஸ் விடுவித்த பெய்ட்டன் மேனிங், டென்வருக்குப் போய் ஒரு கோப்பை வாங்கித்தந்தார். பிரீஸும் மேனிங்கும் காயத்தின் நிழலில் சந்தைக்கு வந்தவர்கள். அந்த நிழல் இல்லையென்றால் அந்தத் தரத்துக் குவாட்டர்பேக் சந்தைப் பக்கமே வரமாட்டார். அதனால் இவர்களைக் காட்டி முதல் வார வேட்டையை நியாயப்படுத்துவது, லாட்டரியில் பரிசு விழுந்தவரைப் பார்த்து வேலையை விடுவது போல.

இரண்டாவது வாசல்: வாங்காமலே இருப்பது

வாங்காமல் இருப்பதற்கும் லீக் பரிசு வைத்திருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் கவனிக்காத விதி இது. ஓர் அணி தான் ஒப்பந்தம் செய்ததைவிட அதிகமான, அல்லது அதிக மதிப்புள்ள, ஃப்ரீ ஏஜென்ட்களை இழந்தால், அடுத்த ஆண்டு டிராஃப்டில் (கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அதற்கு ஈடாகக் கூடுதல் தேர்வுகள் கிடைக்கும். மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை, ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. போன வீரரின் புதிய சம்பளம், ஆடிய நேரம், வாங்கிய விருதுகள் ஆகியவற்றை வைத்துச் சுற்று முடிவாகும். கடைசிச் சுற்றுச் சில்லறைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. புகழ்பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடி எடுக்கப்பட்ட 199-ஆம் இடம் ஓர் ஈட்டுத் தேர்வு. இன்னொரு குவாட்டர்பேக்கான டாக் பிரெஸ்காட் எடுக்கப்பட்ட 135-ஆம் இடமும் அப்படியே.

ஆஸி நியூசம் பொது மேலாளராக இருந்த காலத்து பால்டிமோர் ரேவன்ஸ் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. கோப்பை வென்ற 2012 சீசன் முடிந்த கையோடு பால் குரூகர், டேனல் எல்லர்பி இருவரையும் பெரிய சம்பளத்துக்கு வேறு அணிகளுக்குப் போகவிட்டு, பின்னர் டிராஃப்டில் ஈடு வாங்கிக்கொண்டது. நான்கு ஆண்டு குறைந்த சம்பளத்தில் ஆடவைத்து, விலை உச்சத்தில் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவது. கொடுமை என்று சொன்னாலும் கணக்கு சரியாக இருக்கிறது.

தாம்சன் வழியின் நன்மை தீமை இரண்டையும் ஒரே மனிதரின் இடமாற்றத்தில் பார்க்கலாம். கல்லன் ஜென்கின்ஸ், தற்காப்பு வரிசை வீரர். டிராஃப்டில் எவரும் சீண்டாமல் விட்டவரை பேக்கர்ஸ் கூட்டிவந்து வளர்த்தது. 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31–25 என்று வென்று கோப்பை எடுத்த அணியில் அவரும் இருந்தார். அந்த ஆண்டு உரிமையாளர்–வீரர் தகராறால் சந்தை ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. 30 வயது. தாம்சன் விட்டுவிட்டார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அள்ளிக்கொண்டது.

அந்த ஈகிள்ஸ்தான் அந்தக் கோடையில் கடைக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட்ட அணி. நம்டி அஸோமுவாவுக்கு 5 ஆண்டு, 6 கோடி. ஜேசன் பேபின், ரானி பிரவுன், வின்ஸ் யங். அந்த யங்கே வாய்தவறி “கனவு அணி” என்று பெயர் சூட்ட, சீசன் முழுக்க அது அவர்களைத் துரத்தியது. முடிவு 8 வெற்றி, 8 தோல்வி. பிளேஆஃப் கூட இல்லை. அஸோமுவா இரண்டு சீசனில் விடுவிக்கப்பட்டார்.

எதுவும் வாங்காத பேக்கர்ஸ் அதே சீசனில் 15 வெற்றி, 1 தோல்வி. சிக்கனத்துக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் விட்டுக்கொடுத்த யார்டுகளில் அந்தச் சீசன் பேக்கர்ஸ் தற்காப்புக்கு லீக்கிலேயே 32-ஆவது, அதாவது கடைசி இடம். எதிரணிக் குவாட்டர்பேக்கை நெருக்க ஆளில்லை. ஜென்கின்ஸ் விட்டுப்போன பள்ளம் அப்படியே இருந்தது. ராட்ஜர்ஸ் எத்தனை புள்ளி போட்டாலும் ஒரு நாள் கை சறுக்கும் அல்லவா? பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 37–20 என்று தோல்வி. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் காலின் கேப்பர்னிக் ஒரே ஆட்டத்தில் 181 யார்டு ஓடிக் கதையை முடித்தார்.

ஈடு கிடைக்கவில்லையா? கிடைத்தது. 2012 டிராஃப்டில் பேக்கர்ஸுக்கு நான்கு ஈட்டுத் தேர்வுகள். அதில் 132-ஆவதாக எடுக்கப்பட்டவர் மைக் டேனியல்ஸ், ஜென்கின்ஸ் ஆடிய அதே வரிசை. பின்னாளில் புரோ பவுல் (லீக்கின் சிறந்த வீரர்களுக்கான கௌரவம்) வரை போனார். அடுத்த இடமான 133-இல் எடுத்த ஜெரான் மெக்மில்லியன் இரண்டாவது சீசன் முடிவதற்குள் அணியில் இல்லை. இரண்டில் ஒன்று தேறியது நல்ல விகிதம்தான். ஆனால் டேனியல்ஸ் முழு வீரராக வளர 2013 ஆனது. நடுவில் கழிந்தவை ராட்ஜர்ஸின் 27, 28 வயது சீசன்கள். மேலாளர் அறையில் காகிதத்தில் இலாபம் என்று எழுதப்பட்டது, ஆடுகளத்தில் இரண்டு ஜனவரிகளாகக் கழிந்தது. தாம்சனின் சிக்கனத்தைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே பெரிய குறை இதுதான்: வீரர் விலையைத் துல்லியமாகக் கணக்கிட்டவர், காலத்துக்கு விலையே போடவில்லை.

மூன்றாவது வாசல்: மிச்சம் மீதியும் கழித்துவிட்டதும்

ஈட்டுத் தேர்வு விதியில் இரண்டு சந்துகள் உண்டு. ஒப்பந்தம் முடியாமலே பழைய அணி விடுவித்த வீரரை எடுத்தால் அது கணக்கில் சேராது. டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு எடுத்தாலும் சேராது. வாங்கவும் செய்யலாம், ஈடும் கெடாது.

சிக்கன அணிகள் குடியிருப்பது இந்தச் சந்துகளில்தான். தாம்சன் 2014-இல் எடுத்த ஜூலியஸ் பெப்பர்ஸ் சிகாகோ விடுவித்தவர். 2016-இல் எடுத்த ஜேரட் குக் ராம்ஸ் விடுவித்தவர். அடுத்த ஜனவரியில் டாலஸில் பக்கக் கோட்டின் விளிம்பில் கால்விரல் பதித்து அவர் பிடித்த பந்துதான் பேக்கர்ஸை அரையிறுதிக்குக் கொண்டுபோனது. ரேவன்ஸின் அதிர்ஷ்டம் இன்னும் வேடிக்கை. 2013-இல் டென்வரோடு குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட எல்விஸ் டூமர்வில்லின் கையெழுத்துத் தாள் ஃபேக்ஸில் சில நிமிடம் தாமதமாக வந்தது. கெடு தாண்டிவிட்டதால் டென்வர் அவரை விடுவிக்க நேர்ந்தது. ரேவன்ஸ் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு அவர் 17 சாக் எடுத்தார், அதாவது எதிரணி குவாட்டர்பேக்கை 17 முறை சாய்த்தார். அதை அணியின் திறமைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் பணமும் அவசரமின்மையும் இருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டம் அவர்கள் கதவைத் தட்டியது.

குட்டகுன்ஸ்டும் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2021 ஜூனில், யாரும் கூப்பிடாமல் வீட்டில் இருந்த லைன்பேக்கர் (தற்காப்பில் நடுவரிசை வீரர்) டிவாண்ட்ரே கேம்பெல்லை ஓராண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலருக்கு எடுத்தார். அக்டோபரில் அரிஸோனாவின் பயிற்சிக் குழுவிலிருந்து ரசூல் டக்ளஸ். கேம்பெல் அந்த ஆண்டு லீக்கின் சிறந்த பதினொருவர் பட்டியலில் முதல் அணியில் இடம்பிடித்தார். டக்ளஸ் ஐந்து இன்டர்செப்ஷன் (எதிரணி வீசும் பந்தைப் பறிப்பது) எடுத்தார், இரண்டை டச்டவுனாக்கினார்.

இந்த வாசலின் குறை எளிது: என்ன கிடைக்கும் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது. லைன்பேக்கர், சேஃப்டி (பின்வரிசைத் தற்காப்பு வீரர்), இரண்டாம் நிலை டைட் எண்ட் போன்றவர்கள் ஜூனில் கிடைப்பார்கள். தன் குவாட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிளோ, எதிரணி குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து நெருக்கும் உருப்படியான எட்ஜ் வீரரோ கிடைக்கவே மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இருப்பதைக் கொண்டு சமைக்கத் தெரிந்த பயிற்சியாளரும் வேண்டும். 2024-இல் பிலடெல்பியா ஓராண்டுக்கு 35 லட்சத்துக்கு எடுத்த ஸாக் பான், நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் சிறப்புக் குழுவில் ஓடிக்கொண்டிருந்தவர். தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை உள் லைன்பேக்கராக்கினார். முதல் அணி, பிறகு கோப்பை. அதே ஈகிள்ஸ் அதே மார்ச்சில் பந்தை ஏந்தி ஓடும் சேக்குவான் பார்க்லிக்கு 3.775 கோடி கொடுத்தது, அவரும் 2,005 யார்டு ஓடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே அணி இரண்டு வாசலையும் ஒரே மாதத்தில் பயன்படுத்தியது.

எதை எப்போது?

ஒரு மேலாளர் எந்த வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் முதலில் பார்ப்பது குவாட்டர்பேக்கின் சம்பளச் சீட்டு. 2011-க்குப் பிறகு புதிய வீரர்களின் சம்பளம் அட்டவணைப்படி. குவாட்டர்பேக் ஜோ பரோ 2020-இல் முதல் தேர்வாக சின்சினாட்டிக்கு வந்தபோது நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 3.6 கோடி. 2024-இல் பேக்கர்ஸ் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வின் ஒப்பந்த நீட்டிப்பு ஆண்டுக்கு 5.5 கோடி. இந்த இடைவெளிதான் முதல் வார வேட்டைக்கான பணம். காலங்காலமாகக் கை இறுக்கம் என்று பெயரெடுத்த சின்சினாட்டி பெங்கால்ஸ், பரோ வந்த சமயத்தில் டி.ஜே. ரீடருக்கு 5.3 கோடியும் அடுத்த ஆண்டு ட்ரே ஹெண்ட்ரிக்சனுக்கு 6 கோடியும் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நின்றது. தோற்றது மூன்று புள்ளியில். மலிவான குவாட்டர்பேக் இருக்கும் ஆண்டுகளில் தாம்சன் வழியில் நடப்பது, மழைக்காலத்தில் குடத்தைக் கவிழ்த்து வைப்பது.

இரண்டாவது, டிராஃப்டில் எந்த இடம் திரும்பத் திரும்பத் தேறவில்லை? 2019-இல் பேக்கர்ஸின் குவாட்டர்பேக் மலிவானவர் அல்ல. ராட்ஜர்ஸ் முந்தைய ஆண்டுதான் 13.4 கோடிக்கு நீட்டித்திருந்தார். ஆனால் எட்ஜ் வீரர்களாக டிராஃப்டில் எடுத்தவர்கள் தேறவில்லை, மேத்யூஸும் போய்விட்டார். அந்த ஒரு பள்ளத்தில் இரண்டு ஸ்மித்களை வைத்தார் குட்டகுன்ஸ்ட். அந்தச் சீசன் ஸடேரியஸ் 13.5 சாக், பிரெஸ்டன் 12. முந்தைய ஆண்டு 6 வெற்றி, 9 தோல்வி, 1 சமன் என்றிருந்த அணி 13–3. பிறகு முதுகுக் காயத்தால் ஸடேரியஸ் 2021-இன் வழக்கமான சீசனில் ஒரே ஆட்டம்தான் ஆடினார். 2022 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். செத்த பணமும் கணக்கில் வந்தது. இரண்டு நல்ல ஆண்டுகளுக்கு நான்கு ஆண்டு விலை. அந்த விலை எனக்குச் சம்மதமே, ஏனென்றால் ஜூனில் காத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளும் கிடைத்திருக்காது.

வயது மூன்றாவது. 2024 மார்ச்சில் 6.7 கோடிக்கு பேக்கர்ஸுக்கு வந்த சேஃப்டி ஸேவியர் மெக்கின்னிக்கு 24 வயது. முதல் சீசனிலேயே எட்டு இன்டர்செப்ஷன். முதல் வாரத்தில் வாங்கினால் இப்படி, ஒப்பந்தம் முடியும்போதும் இளைஞராக இருப்பவரை வாங்க வேண்டும். முப்பதை நெருங்கியவரை மூன்றாவது வாசலில் பார்த்துக்கொள்ளலாம், ஓராண்டுக்கு.

இந்த மூன்றும் பொருந்தாத ஆண்டில் தாம்சன் சொன்னதுதான் சரி: கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், ஈட்டுத் தேர்வை வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்கில் ஐந்து ஆண்டுகளில் மூன்று அப்படிப்பட்டவையாகவே இருக்கும்.

ஜூன் கொள்முதலிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 20 லட்சத்துக்கு வந்து முதல் அணியில் இடம்பிடித்த கேம்பெல்லுக்கு 2022-இல் பேக்கர்ஸ் 5 ஆண்டு, 5 கோடி ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவருக்கு 28 வயது. பிறரிடம் வாங்கும்போது கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை, தன் வீட்டுக்கு வந்துவிட்டவர் என்பதால் அணி கேட்கவில்லை. காயங்கள் வந்தன, ஆட்டம் இறங்கியது. 2024 மார்ச்சில், மெக்கின்னி உள்ளே வந்த அதே மாதத்தில், கேம்பெல்லை விடுவித்தார்கள்.